சங்கு ஊதுமுன் சுருண்ட பாய்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் வேலு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொன்னான். கேட்ட நானும் என் பங்குக்குக் கொஞ்சம் மறந்திருக்கிறேன். ஜப்பான்காரன் பினாங்கை ஆண்ட கடைசி வருஷம் என்று நினைக்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். விநாசித்தம்பி அன்று வைத்திருந்த தொப்பி ஒரு முறை வெள்ளையாக இருக்கும், இன்னொரு முறை சாம்பலாகிவிடும். ஒன்றை மட்டும் வேலு மாற்றியதே இல்லை. அன்றைக்கு மழை பெய்யவில்லை. அதற்கு முந்திய பல நாட்களும் பெய்யவில்லை.

போலீஸ் நிலையத்தின் பின்கட்டில், கொட்டடிக் கம்பிக்குள் குலசேகரம் உட்கார்ந்திருந்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அடி வாங்கி உதடு வீங்கியிருந்தும் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தான். கம்பிக்கு வெளியே அவன் மனைவி கனகேஸ்வரி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் விநாசித்தம்பி. அவருக்குப் பின்னால் வேலு.

விநாசித்தம்பி யுத்தத்துக்கு முன் இதே கட்டடத்தில் துப்பறியும் பிரிவில் இருந்தவர். வெள்ளைக்காரன் கப்பலேறி ஓடியதும், வந்தவர்கள் அவரை அதே நாற்காலியில் மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசினால் அதிகம் என்று பெயரெடுத்தவர் அவர். "இவருக்குப் போய்ப் பேசுற வேலை குடுத்தானுங்க பாரு, மீனுக்குக் குடை குடுத்த மாதிரி" என்பான் வேலு. வேலு முன்பு டாக்சி ஓட்டியவன். காரை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். இப்போது பெச்சா மிதிக்கிறான். பெச்சா என்பது அங்கே ஓடும் மூன்று சக்கர சைக்கிள் வண்டி. ஆள் முன்னால் உட்கார, ஓட்டுகிறவன் பின்னாலிருந்து மிதிப்பான். விநாசித்தம்பியின் முகத்தைவிட அவருடைய பிடரியைத்தான் வேலு அதிகம் அறிவான்.

"அண்ணை," என்றாள் கனகேஸ்வரி. "பின்னேரம் கெம்பெத்தாய் லொறி வருமாம். அதிலை ஏத்திப்போட்டினமெண்டால் இவர் திரும்பி வரமாட்டார். உங்களுக்குத் தெரியும்."

விநாசித்தம்பிக்குத் தெரியும். கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் கூட்டிப்போனவர்களின் வாக்குமூலங்களை மொழிபெயர்த்தவரே அவர்தான். கடைசி வரி எழுதும்போது பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டான்.

குற்றச்சாட்டு இதுதான். ஆற்றோரச் சலவைத்துறையான டோபிகாட்டுக்குப் பின்னால் இருக்கும் மொட்டை மேட்டில் ஜப்பான்காரன் ஒரு மெஷின் வைத்திருந்தான். இன்றைக்கு ராடார் என்கிறோம். அன்றைக்கு ஊரில் அதற்குப் பெயர் 'பிளேன் பார்க்கிற கட்டில்'. கட்டில் சட்டத்தைத் தூக்கி நிறுத்தியது போல ஒரு பெரிய இரும்புச் சட்டம், அதன் மேல் கம்பிகள், கீழே ஒரு குடிசை. கடலுக்கு அப்பாலிருந்து வரும் வெள்ளைக்காரன் விமானத்தை அது கண்ணுக்குத் தெரியும் முன்பே கண்டுபிடித்துவிடும். உடனே மேட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன் வரும். குலசேகரம் அதை இரண்டு பக்கம் இணைத்துவிடுவான். ஒன்று, ஊருக்கு அபாயச் சங்கு ஊதுகிறவனுக்கு. மற்றது விமானத் தளத்துக்கு. அங்கிருந்து இரண்டு விமானங்கள் ஏறிப்போய் வருகிறவனை மறிக்க வேண்டும்.

கொஞ்ச நாளாக மறிக்கிற விமானங்கள் ஏறும்போது வந்தவன் படமெடுத்துவிட்டுத் திரும்பியிருந்தான். சுங்கை பினாங் பாசார் என்ற சந்தையோ சங்கு ஊதுமுன்பே காலியாகிக்கொண்டிருந்தது. மேலே தாமதம், கீழே அவசரம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குலசேகரம். போனை வேண்டுமென்றே பிந்தி இணைக்கிறான், அதற்குள் பாசாருக்குச் சேதி அனுப்புகிறான் என்று மேட்டு அதிகாரியே எழுதிக் கொடுத்துவிட்டான்.

"நான் பாசாருக்குப் போறதே இல்லை, அண்ணை" என்றான் குலசேகரம். "மரவள்ளிக்கிழங்கு வாங்கக்கூட இவள்தான் போறவள்."

விநாசித்தம்பி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொட்டடிக் கூரையில் ஒரு பல்லி நகர்ந்தது. 

"மேட்டிலிருந்து போனிலை கதைக்கிறவன் எப்பிடிக் கதைப்பான்?"

குலசேகரம் யோசித்தான். "பிளேன் வருகுதெண்டு சொல்லேக்கை மூச்சு வாங்கி வாங்கித்தான் கதைப்பான். மலையேறி வந்தவன் மாதிரி. பின்னாலை ஆரோ திட்டுற சத்தம் கேக்கும்."

"மற்ற நேரம்?"

"மற்ற நேரம் நல்ல ஆறுதலாக் கதைப்பான். மீன் வந்திட்டுதோ எண்டு கேப்பான்."

விநாசித்தம்பி தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார். கனகேஸ்வரி வேலுவின் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, ஐயா தலையாட்டிட்டாரு லா. அது எங்களுக்கு ஒரு பொதுக்கூட்டத்துல பேசுன மாதிரி" என்று சொல்லிவிட்டு அவனும் ஓடினான்.

பெச்சாவின் டயருக்குள் காற்றுக்குப் பதில் கயிறு. மிதிக்க மிதிக்க வண்டி விக்கியது.

"எனக்கு ஒண்ணு விளங்கல ஐயா" என்றான் வேலு பிடரியைப் பார்த்து. "போனு குடிசைக்குள்ள இருக்கு. மெஷினும் குடிசைக்குள்ளதான் இருக்கு. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் கைய நீட்டி எடுக்க வேண்டியதுதானே? எதுக்கு மூச்சு வாங்குறான்?"

பிடரி மெல்லத் திரும்பியது. "நல்ல கேள்வி" என்றார் விநாசித்தம்பி.

வேலுவுக்கு மிதிப்பது மறந்துபோய் வண்டி நின்றுவிட்டது. அவர் அப்படிச் சொன்னது வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற விஷயம்.

பாசாரில் முதலில் கடையை மூடுவது யார் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே ஆளைக் காட்டினார்கள். காட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் கையைக்கூட நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஆசியா பீவி தெரு மூலையில் வெயிலில் பாய் விரித்து மரவள்ளி அப்பளம் காய வைத்திருந்தாள். அரிசி இல்லாத காலத்தில் அப்பளமும் மரவள்ளிதான். பாயின் ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன வாழைப்பழச் சீப்பும் இரண்டு முட்டையும் இருந்தன.

"காணிக்கையா பீவி?" என்றான் வேலு.

"கண்ணு வைக்காதே. கொடுத்தவங்க பிரியமாக் கொடுத்தது."

"ஊரே சொல்லுது, உங்களுக்கு அருள் இருக்காம். நீங்க பாயைச் சுருட்டினா பிளேன் வருதாம்."

"நான் சொன்னேனா? என் வாயால சொன்னேனா? அவங்களாச் சொல்லிக்கிறாங்க. முட்டையைத் திருப்பிக் கொடுத்தா பாவம்ன்னு வச்சுக்கிட்டேன்." அப்போதுதான் அவள் விநாசித்தம்பியைக் கவனித்தாள். முகம் வெளுத்தது. "இவரு மாத்தா-மாத்தா ஆளுதானே? போலீஸ் கச்சேரியில பார்த்திருக்கேன்."

விநாசித்தம்பி குந்தி உட்கார்ந்து ஓர் அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். பிறகு இன்னொன்றை. மௌனமாக அப்பளம் திருப்புகிற போலீஸ்காரரை ஆசியா பீவி அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாவது அப்பளத்தில் அவள் உடைந்துபோனாள்.

"வாப்பா, அல்லா மேல ஆணை, எனக்கு அருளும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. எனக்குப் பிளேனைப் பத்தி என்ன தெரியும்? நான் பாயைச் சுருட்டுறது மழைக்கு."

"மழையா?" என்றான் வேலு. வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை.

"ஆமாம், மழைக்கு. பாலத்துக்கிட்ட ஷேக் அலாவுதீன் கடைக் கூரையில கருவாடு காயும். அவர் அதை அள்ளினா மழை வரப்போகுதுன்னு அர்த்தம். நான் சுருட்டிடுவேன். இப்பல்லாம் மழை வரல, பிளேன் வருது. அதுக்கு நான் என்ன செய்ய?"

"நீங்க சுருட்டினா பாசாரே சுருட்டுது."

"சுருட்டட்டுமே. போன மாசம் குண்டு விழுந்த அன்னிக்கு இந்தத் தெருவுல ஒரு பிள்ளைக்குக்கூடக் காயம் இல்லை. அதுக்குத்தான் முட்டை."

விநாசித்தம்பி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். கிளம்புமுன் வேலு ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டான். "அருள் கொஞ்சம் எனக்கும்" என்றான்.

ஷேக் அலாவுதீனின் கோப்பிக் கடை ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருந்தது. கோப்பி என்று அவர் கொடுத்ததில் கோப்பிக்கொட்டை இருந்து மூன்று வருஷம் ஆகிறது. வறுத்த சோளமும் வெல்லக் கரியும்தான். வேலு ஒரு வாய் குடித்துவிட்டு, "பாய், இதைக் குடிச்சுத்தான் வெள்ளைக்காரன் ஓடினானா?" என்றான்.

"உனக்குக் கொடுத்ததே தப்பு" என்றார் அலாவுதீன். கருவாட்டைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "என் கருவாடு, என் கூரை. நான் எப்ப எடுத்தா யாருக்கு என்ன?"

"எதைப் பார்த்து எடுப்பீங்க?"

"எதைப் பார்ப்பாங்க? டோபிகாட்டைத்தான்." அவர் ஆற்றின் மேல்பக்கம் கை நீட்டினார். தூரத்தில் புல்வெளியில் வெள்ளை வெள்ளையாகத் துணிக்கொடிகள் தெரிந்தன. "எங்க வாப்பா காலத்துலேருந்து இதுதான் வழக்கம். டோபிங்க துணியை அள்ளினா நாங்க கருவாட்டை அள்ளுவோம். மழையைப் பத்தி டோபியை விட யாருக்குக் கவலை? இப்ப என்னமோ அவனுங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. அள்ளுறானுங்க, ஒரு சொட்டு விழல. ஆனா அள்ளாம இருக்க முடியுமா? நாம அள்ளாம இருக்கிற அன்னிக்குத்தான் கொட்டும்."

வேலு திரும்பி விநாசித்தம்பியைப் பார்த்தான். அவர் அந்தக் கறுப்புத் தண்ணீரை முழுவதும் குடித்து முடித்திருந்தார். பேசாத மனிதர்கள் எதையும் குடிப்பார்கள் என்று வேலு நினைத்துக்கொண்டான்.

டோபிகாட்டில் முனுசாமி முழங்கால் தண்ணீரில் நின்று ராணுவப் போர்வை ஒன்றைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு மூச்சு, ஒரு வசவு. பாவாடையையோ வேட்டியையோ திட்டாதவர், போர்வையை மட்டும் திட்டுவார். அதில் பேன் அதிகம்.

"முனுசாமி அண்ணே, மழை வருமா?" என்றான் வேலு.

"அவனைக் கேளு." முனுசாமி நிமிராமலே முகவாயால் மேட்டைக் காட்டினார். "மேல இருக்கானே, அவனை."

மொட்டை மேடு அவர்களுக்கு நேர் மேலே எழுந்து நின்றது. உச்சியில் ஒரு வரிசை வெள்ளை. துணிகள். காற்றில் கொஞ்சம் ஆடின.

"அவனுங்க துணியையா பார்ப்பீங்க?"

"வேற யாரைப் பார்க்க? எங்க தொழிலுக்கு ஒரு மொறை இருக்கு தம்பி. மேல்துறைக்காரன் கொடியை அவுத்தா, கீழ்துறைக்காரன் கேள்வி கேக்காம அவுக்கணும். இங்க மழை அந்த மேட்டுப் பக்கமிருந்துதான் இறங்கும். மேல இருக்கிறவனுக்குத்தான் முதல்ல தெரியும். யாரா இருந்தா என்ன, துணி காயப் போட்டவன் சாதி ஒண்ணுதான்." அவர் போர்வையைப் பிழிந்தார். "ஆனா இந்த ஜப்பான் பசங்க சுத்த மடப்பசங்க. வெயில் கொளுத்தும்போது ஓடி ஓடித் துணியை உருவுறானுங்க. சண்டை போடத் தெரியும், மழை பார்க்கத் தெரியல. என்ன ராணுவம்!"

"மழை வராம வேற ஏதாச்சும் வருதா?"

"பிளேன் வருது. அது வர்றப்ப எல்லாருமே ஓடிக்கிட்டு இருப்போம், யாரு கவனிச்சா?"

வேலு சிரிக்க வாயைத் திறந்தான். விநாசித்தம்பியின் கை அவன் தோளில் விழுந்தது. அவர் முனுசாமியின் இஸ்திரிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான துணிகளுக்கு நடுவே ஒன்று தனியாகத் தொங்கியது. நீளமான, குறுகலான வெள்ளைத் துணி.

"அதுவா?" என்றார் முனுசாமி. "மேட்டுலேருந்து பறந்து வந்து என் கொடியில விழுந்தது. அவனுங்க கட்டுற கோவணம். விழுந்தது என் துறையில. என் துறையில விழுந்த துணி அழுக்காப் போனா எனக்குத்தான் அவமானம். துவைச்சு, என் குறி போட்டு, மரவள்ளிக் கஞ்சி வச்சு, இஸ்திரியும் போட்டுட்டேன். கறைதான் போகல."

விநாசித்தம்பி துணியை வெளிச்சத்தில் விரித்தார். கஞ்சியில் அது பலகை போல நின்றது. குறுக்கும் நெடுக்குமாக, கட்டம் கட்டமாக, மெல்லிய துருக் கோடுகள்.

"கயித்துலே காயப் போட்டா துரு எப்படிப் பிடிக்கும்?" என்று முனுசாமியே அங்கலாய்த்தார். "சன்னல் கம்பி மாதிரி எதுலயோ போட்டுத் தொலைச்சிருக்கானுங்க. அந்த மேட்டுல ஏது சன்னல்?"

விநாசித்தம்பி மேட்டை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். துணியை மடித்தார்.   அவர் உதடுகள் லேசாக நடுங்குவதைப் பார்த்து வேலு பயந்துபோனான். பிறகுதான் புரிந்தது, மனுஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இதைக் கொஞ்சம் தாருங்கோ" என்றார்.

"திருப்பிக் குடுத்துரணும்" என்றார் முனுசாமி. "என் குறி போட்டது."

மேட்டுக் காவலாளி துப்பாக்கியை நீட்டினான். இருவரும் இடுப்பு வளைய வணங்கினார்கள். வேலு தாளில் சுற்றிய பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கி, "டோபி! டோபி!" என்று கத்தினான். உலகத்தில் எந்தப் படையும் சலவைத் துணியைச் சுட்டதில்லை. காவலாளி வழிவிட்டான்.

உச்சியில் ஒரு குடிசை. பெயர்தான் மொட்டை; மற்ற பக்கமெல்லாம் ரப்பர் மர நிழலும் ஈரமும். வெயில் விழுகிற ஒரே இடத்தில் அந்த இரும்புக் கட்டில் நிமிர்ந்து நின்றது. வேலு வாயைப் பிளந்தான். அடியிலிருந்து உச்சிவரை, கம்பிக்குக் கம்பி, சட்டைகள், காலுறைகள், வரிசையாகக் கோவணங்கள். கட்டிலைத் திருப்புகிற சக்கரத்தின் பக்கத்தில் ஒரு சிப்பாய் உட்கார்ந்து, வெயில் நகர நகர அதைச் சூரியன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். கடல் அதன் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

"ஐயா," என்றான் வேலு மெதுவாக. "நிப்பான் சாம்ராஜ்யத்தைக் காப்பாத்துறது இதுதானா?"

மேட்டு அதிகாரி லெப்டினன்ட் ஒசாடா குடிசையிலிருந்து வெளியே வந்தார். ரேடியோ எஞ்சினியர், புத்தகத்தில் படித்த இங்கிலீஷ் பேசுவார். டாக்சி ஓட்டிய வேலுவுக்கு அது போதும். அவர் கை இடுப்பு வாளின் மேல் இருந்தது.

"டெலிபோன் ஆள் விஷயமாக வந்தீர்களா? அவன் குற்றவாளி. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்."

 விநாசித்தம்பி இப்போது பேச வேண்டும் என்று வேலு மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். இங்கே தவறினால் அந்த லொறியில் குலசேகரத்தோடு இன்னும் இரண்டு பேருக்கு இடம் போடுவார்கள்.

குடிசைக்குள் ஒரு மணி அடித்தது.

யாரோ கத்தினார்கள். ஐந்தாறு சிப்பாய்கள் பாய்ந்து கட்டில் மேல் ஏறினார்கள். சக்கரத்துக்காரன் அதைக் கடல் பக்கம் திருப்பத் தொடங்க, ஏறினவர்கள் அதனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே துணிகளைப் பிய்த்துக் கீழே எறிந்தார்கள். ஏதோ வருகிறது என்று மணி மட்டும் அடித்ததாம்; ஈரத் துணி மறைத்து, எங்கே எத்தனை என்று மெஷினுக்குச் சரியாகத் தெரியவில்லையாம். கொஞ்ச நேரம் பார்த்த லெப்டினன்ட், வாளைக் கழற்றி வேலுவின் கையில் திணித்துவிட்டுத் தானே ஏணியில் ஏறினார். கடைசிச் சட்டை இறங்கியபின் ஒரு சிப்பாய் கீழே குதித்து, நெஞ்சு அடைக்கக் குடிசைக்குள் ஓடிப் போனை எடுத்தான். அவன் மூச்சு வாங்குவது வெளியே கேட்டது.

லெப்டினன்ட் இறங்கி வந்தபோது தோளில் ஒரு காலுறை கிடந்தது.

"துரை," என்றார் விநாசித்தம்பி. "உங்கள் தூரக்கண்ணாடியில் பாசாரைப் பாருங்கள்."

லெப்டினன்ட் பார்த்தார். ஆற்று வளைவுக்கு அப்பால் தீப்பெட்டி அளவில் பாசார் தெரிந்தது. மூலையில் ஒரு பாய் சுருண்டது. எறும்புகள் கலைவது போல ஆட்கள் கலைந்தார்கள். தெரு காலியாயிற்று. அதற்கும் பிறகுதான் ஊரில் சங்கு ஊதியது.

"குலசேகரம் நேற்றிலிருந்து கொட்டடியில் இருக்கிறான்" என்றார் விநாசித்தம்பி. "எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பது உங்கள் சிப்பாய்."

தூரக்கண்ணாடி கீழே இறங்கி, மேட்டடியை நோக்கி மெல்ல நகர்ந்தது. அங்கே டோபிகாட்டில் முனுசாமியும் ஆட்களும் பரபரவென்று வெள்ளைத் துணிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.  கண்ணாடி இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் முனுசாமியும் லொறியில்தான்.

விநாசித்தம்பி வேலுவிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்துக் கோவணத்தை லெப்டினன்டின் முகத்துக்கு நேரே விரித்தார். கஞ்சி போட்ட துணி விறைத்து நின்றது.

"இது உங்களுடையதா?"

லெப்டினன்ட் கண்ணாடியை இறக்கினார். துருக் கட்டங்களைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். அவர் முகத்தில் எஞ்சினியர் முதலில் விழித்தார், அதிகாரி பிறகு.

"ஊரில் யார் பார்த்தது?" என்றார் ரகசியக் குரலில்.

"கண் இருக்கிறவர்கள் எல்லோரும். இந்த ஊரில் துணியை எடுத்தால் மழை வரும் என்று அர்த்தம். அவர்கள் மழைக்குப் பயந்து போகிறார்கள்."

வானத்தில் ஒற்றை விமானம் மிக உயரத்தில் வெள்ளிப் பொட்டாகப் போயிற்று. அது கடலுக்கு மேல் மறைந்தபின், தூரத்து விமானத் தளத்திலிருந்து இரண்டு விமானங்கள் உறுமிக்கொண்டு ஏறின.

"அவன் இந்நேரம் வீட்டுக்குப் போய் டீ குடிச்சிருப்பான்" என்றான் வேலு தமிழில்.

லெப்டினன்டுக்கு மொழி புரியவில்லை; தொனி புரிந்தது. கெம்பெத்தாய் மேட்டுக்கு வந்து இந்தத் தாமதத்தின் காரணத்தைக் கேட்டால் தன் கழுத்துக்கு என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. வாள் இன்னும் வேலுவின் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நான் என்ன எழுதுவது?"

"உண்மையை எழுதுங்கள்" என்றார் விநாசித்தம்பி. "மேலே தாமதம் ஏன்? கம்பிகளில் ஈரம். கீழே அவசரம் ஏன்? மக்கள் மழைக்குப் பயந்தவர்கள். டெலிபோன் ஆளுக்கு வானிலையோடு சம்பந்தம் இல்லை."

 லெப்டினன்ட் குடிசைக்குள் போய் எழுதி, முத்திரை வைத்துக்கொண்டு வந்தார். சிப்பாய்களிடம் திரும்பி ஏதோ கத்தினார். அவர்கள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே கட்டப் போனார்கள்.

வேலுவுக்குக் குலசேகரம் பிழைத்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. இனி கட்டிலில் துணி இருக்காது. முனுசாமி எதைப் பார்ப்பார்? அலாவுதீன் எதைப் பார்ப்பார்? பாசார் சங்கு ஊதும்வரை காத்திருந்தால், அடுத்த முறை வருகிறவன் படமெடுக்க மட்டும் வருவானா?

விநாசித்தம்பி வாசல்வரை போனவர் நின்றார்.

"துரை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படிச் செய்யமாட்டேன்."

"ஏன்?"

"இன்று அறிக்கை போகிறது. நாளையிலிருந்து துணி மறைந்து, பாசாரும் காலியாகாமல், விமானங்களும் நேரத்துக்கு ஏறினால், கெம்பெத்தாய் என்ன கேட்கும்? நேற்றுவரை இருந்த ஈரம் எங்கே போயிற்று என்று கேட்கும்."

லெப்டினன்ட் கயிறு கட்டுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அதோடு நிழலில் துணி காயாது" என்றான் வேலு இங்கிலீஷில். "நாற்றம் வரும், சார்."

லெப்டினன்ட் ஒசாடா சிப்பாய்களைத் திரும்பக் கூப்பிட்டார். அவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, துணிகளை உதறி, ஒவ்வொன்றாகக் கட்டிலில் மாட்டத் தொடங்கினார்கள். சக்கரத்துக்காரன் அதைச் சூரியன் பக்கம் திருப்பினான். விநாசித்தம்பி இடுப்பு வளைய வணங்கினார். இந்த முறை அதில் மரியாதையும் கொஞ்சம் இருந்தது என்று வேலு சொல்வான்.

வேலு வாளைத் திருப்பிக் கொடுத்தான். கோவணத்தைக் கொடுக்கவில்லை. "அதுல டோபி குறி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

லொறி வருமுன் குலசேகரம் வெளியே வந்தான். சட்டையின் மேல்பொத்தானை அன்றுதான் கழற்றினான். கனகேஸ்வரி விநாசித்தம்பியிடம் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் பெச்சாவில் ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

மொட்டை மேட்டுக் கட்டிலில் யுத்தம் முடிகிறவரை துணி காய்ந்தது. அதன்பின் இரண்டு முறை ஊரில் குண்டு விழுந்தது. இரண்டு முறையும் பாசார் தெரு காலியாக இருந்தது. லெப்டினன்ட் ஒசாடா செப்டம்பரில் வெள்ளைக்காரனிடம் வாளை ஒப்படைத்துவிட்டுக் கைதியாகக் கப்பலேறினார்; பிற்பாடு தன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார் என்று கேள்வி. குலசேகரம் எக்ஸ்சேஞ்சிலேயே பென்ஷன் வாங்கினான். கடைசிவரை போனில் யாராவது மூச்சு வாங்கினால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். கனகேஸ்வரி அவனுக்கு முன்பே காலமானாள். ஆசியா பீவிக்கு யுத்தத்துக்குப் பிறகும் முட்டை வந்துகொண்டிருந்தது. ஷேக் அலாவுதீன் நல்ல கோப்பிக்கொட்டை வந்த முதல் நாளே கடையை மகனிடம் விட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. விநாசித்தம்பி பழைய வேலைக்குத் திரும்பினார். இரண்டு வருஷம் கழித்து, பேசாமலே இறந்தார். வேலுவுக்கு மறுபடி ஒரு டாக்சி கிடைத்தது.

முனுசாமி கோவணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மேட்டில் இருந்தவர்களுக்குக் கடைசிவரை மழை பார்க்கத் தெரியவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.